பனியும் வெயிலும் மாறிமாறித் தின்னும் டெக்: ரொறன்ரோ வீடுகளில் ஸ்ரெயின் பூசும் முறை

ரொறன்ரோ, மார்க்கம், ஏஜக்ஸ், பிறம்ரன் பக்கத்துப் பின்வளவுகளில் இருக்கும் டெக்குகளில், அதாவது வீட்டோடு ஒட்டிய மரத்தளங்களில், பெரும்பாலானவை பிறஷர் றீற்றட் மரத்தால் செய்தவை. அந்த மரத்துக்குள் ஏற்றியிருக்கும் செப்பு மருந்து உக்கலையும் பூச்சியையும் தடுக்கும். வெயிலையும் தண்ணீரையும் அது தடுக்காது. யூலையில் 30 பாகைக்கு மேல் காயும் அதே பலகை ஜனவரியில் கிழமைக்கணக்கில் பனிக்கட்டியின் கீழ் கிடக்கிறது. இரண்டையும் விட மோசமானது மார்ச் மாதம். பகலில் உருகும் பனி மரத்துக்குள் இறங்கும், இரவில் அங்கேயே உறையும். உறையும்போது தண்ணீர் ஏறக்குறைய 9 சதவீதம் விரிவடையும். ஒரே மாதத்துக்குள் பல தடவை இப்படி நடந்தால் மயிரிழை வெடிப்பும் பெரிதாகிவிடும்.

எதைப் பூசுவது என்பதை இந்த மார்ச் மாதத்தை மனதில் வைத்துத்தான் முடிவுசெய்ய வேண்டும். ஸ்ரெயின் என்பது மரத்துக்கு நிறமூட்டிப் பாதுகாக்கும் பூச்சு. பெயின்றும், நிறம் முழுதாக மூடும் சொலிட் ஸ்ரெயினும் பலகையின் மேல் தோல் போலப் படியும். கடையில் மாதிரிப் பலகையில் பார்க்க அழகாக இருக்கும். ஆனால் தண்ணீர் மேலிருந்து மட்டுமா வருகிறது? பலகையின் வெட்டுமுனை, ஆணித்துளை, அடிப்பக்கம் என்று எல்லா வழியாலும் உள்ளே போகும். போன தண்ணீருக்கு மேல்தோல் வெளியேற வழிவிடாது. அது அங்கேயே உறைந்து தோலைக் கிளப்பும். இரண்டாவது வசந்தத்தில் செதில் செதிலாகக் கழலும். அதைச் சுரண்டி எடுப்பது முதற்பூச்சைப் போலப் பல மடங்கு வேலை.

ஆகவே நடக்கும் தளத்துக்கு மரத்துக்குள் ஊறும் செமி ட்ரான்ஸ்பரன்ற் ஸ்ரெயினே பொருத்தம். அது உரிவதில்லை, தேய்ந்து மங்கும். மங்கியதும் கழுவி மேலே பூசலாம். நிறமே இல்லாத கிளியர் சீலரை வாங்காதீர்கள். வெயிலின் புறஊதாக் கதிரைத் தடுப்பது ஸ்ரெயினில் உள்ள நிறத்தூள்தான். கிளியர் பூசிய பலகை பெரும்பாலும் ஒரு வருடத்துக்குள் நரைத்துவிடும். கறுப்புக்குக் கிட்டிய கடும் நிறங்களும் தெற்கு நோக்கிய டெக்குக்கு வேண்டாம். யூலை மத்தியானத்தில் பிள்ளைகள் வெறுங்காலோடு நிற்க முடியாது.

எப்போது பூசுவது?

வெயில் வந்ததும் மே மாதத்தில் தொடங்கத்தான் எல்லாருக்கும் ஆசை. ஆனால் மே, யூனில் மேப்பிள் விதைகளும் மரங்களின் பஞ்சும் மகரந்தமும் பறக்கும். ஈரப் பூச்சில் ஒட்டினால் எடுக்கவே முடியாது. ஓகஸ்ற் கடைசியிலிருந்து செப்ரெம்பர் நடுப்பகுதி வரை நல்ல காலம். கோடை முழுதும் காய்ந்த மரம், கடுஞ்சூடு தணிந்த பகல், இன்னும் குளிராத இரவு. பூசும்போதும் அதற்கடுத்த இரவிலும் வெப்பநிலை 10 பாகைக்குக் கீழே போகக்கூடாது, பகலில் 30 பாகையைத் தாண்டவும் கூடாது. முன்னால் இரண்டு நாள், பின்னால் இரண்டு நாள் மழையில்லாத இடைவெளி பாருங்கள். ஒக்ரோபரில் இரவுப் பனித்துளி நெடுநேரம் காயாமல் நிற்கும். எண்ணெய்ப் பூச்சு பிசுபிசுத்துப் போகும். அப்போது பூசுவதை விட அடுத்த வருடத்துக்கு விடுவது மேல்.

புதிதாகக் கட்டிய டெக்கென்றால் கடையிலிருந்து வந்த பலகை மருந்துத் தண்ணீரில் ஊறியிருக்கும். காய்வதற்குச் சில கிழமையும் ஆகலாம், சில மாதமும் ஆகலாம். நாட்காட்டியை நம்பாமல் மரத்தையே கேளுங்கள். தளத்தில் நாலைந்து இடங்களில் தண்ணீர் தெளியுங்கள். பத்து நிமிடமாகியும் மணிமணியாக நின்றால் மரம் தயாரில்லை. ஓரிரு நிமிடத்தில் உறிஞ்சினால் தயார். ஈரம் அளக்கும் மீற்றர் கையில் இருந்தால் 15 சதவீதமோ அதற்குக் குறைவோ காட்ட வேண்டும். பழைய பலகையில் தண்ணீர்ச் சோதனை மட்டும் போதாது. நரைத்த மரம் ஈரமாக இருந்தாலும் கொஞ்சம் உறிஞ்சும். கழுவிய பின் இரண்டு முழு வெயில் நாள் கட்டாயம் விடுங்கள்.

முதலில் கீழே பாருங்கள்

ஒரு ஸ்குறூட்ரைவரை எடுத்து, பலகை முனைகளையும் படிகள் மண்ணில் தொடும் இடத்தையும் வீட்டுச் சுவரோடு டெக் பொருந்தும் மரத்தையும் குத்திப் பாருங்கள். வெண்ணெயில் போல இறங்கினால் அங்கே உக்கிவிட்டது. உக்கிய மரத்தை எந்த ஸ்ரெயினும் குணப்படுத்தாது, மாற்றத்தான் வேண்டும். சுவரோடு இருக்கும் மரம் உக்கியிருந்தால் அது பூச்சு வேலையல்ல, டெக்கே விழக்கூடிய விடயம். தச்சரைக் கூப்பிடுங்கள். புதுப்பலகையை வெட்டினால் வெட்டிய முனைக்கு அதற்கென்று விற்கும் செப்பு மருந்தை உடனே பூச வேண்டும், ஏனென்றால் ஏற்றிய மருந்து பலகையின் நடுவரை போயிராது. கிளம்பிய ஆணிகளைத் திரும்ப அடிக்காமல் பிடுங்கி, டெக்குக்கென்று பூச்சுப் போட்ட ஸ்குறூவைப் பூட்டுங்கள். சாதாரண இரும்பை இந்தச் செப்பு மருந்து அரித்துவிடும்.

இன்னொரு எச்சரிக்கை. டெக் 2004க்கு முன் கட்டியதென்றால் மரத்தில் ஆர்சனிக் கலந்த மருந்து இருக்கலாம்; வீடுகளுக்கான மரத்தில் அதைச் சேர்ப்பதை 2003 முடிவோடு நிறுத்தினார்கள். அத்தகைய பலகையைத் தேய்க்கவோ எரிக்கவோ கூடாது. கீழே சொல்லும் கரைசல்கள் இல்லாமல் சவர்க்காரத் தண்ணீரால் மட்டும் கழுவி, ஊறும் ஸ்ரெயின் பூசுவதோடு விடுங்கள்.

கழுவுதல்

வேலையின் பாதி இதில்தான் இருக்கிறது. நரைத்த மேற்பரப்பு வெயிலில் செத்த நார். அதன் மேல் பூசிய ஸ்ரெயின் அந்த நாரோடு சேர்ந்து கழன்றுவிடும்.

பலகை இடுக்குகளில் சிக்கிய இலை, மண் எல்லாவற்றையும் தட்டையான கத்தியால் கிண்டி எடுங்கள். அந்த ஈரக்குப்பைதான் பலகையின் விளிம்பை உக்க வைக்கிறது. பிறகு 4 லீற்றர் இளஞ்சூட்டுத் தண்ணீரில் ஒரு கோப்பை, அதாவது 250 கிராம் அளவு, சோடியம் பெர்காபனேற் தூளைக் கரையுங்கள். ஒக்சிஜன் பிளீச் என்று விற்பதும் இதுதான். வாசனையும் நிறமும் சேர்க்காததை வாங்குங்கள். கரைத்ததை மூடி வைக்கக்கூடாது, வாயு பெருகி வாளி வெடிக்கும். சுற்றியுள்ள செடிகளை முதலே தண்ணீரால் நன்றாக நனையுங்கள். கறிவேப்பிலை, மிளகாய்ச் சாடிகளை வேறிடத்துக்கு மாற்றுங்கள். கரைசலை ஊற்றி 15 நிமிடம் காயவிடாமல் வைத்து, நைலோன் தூரிகையால் மரநாரின் போக்கில் தேய்த்துக் கழுவுங்கள். வெளியடுப்பில் மீன் பொரித்து எண்ணெய் தெறித்த இடங்களுக்கு இரண்டாம் முறையும் வேண்டும். கம்பித் தூரிகை வேண்டாம். உடைந்த கம்பித்துண்டு மரத்தில் தங்கித் துருப்பிடித்துக் கறுப்புப் புள்ளி போடும். உடுப்புக்குப் பாவிக்கும் குளோரின் பிளீச்சும் வேண்டாம். அது பூஞ்சணத்தை வெளுக்கும், ஆனால் நாரைச் சிதைத்து மரத்தைப் பஞ்சாக்கும், ஆணியையும் அரிக்கும்.

பெர்காபனேற் மரத்தைக் கொஞ்சம் கறுக்க வைக்கும். பயப்பட வேண்டாம். நன்றாக அலசிய பின், 4 லீற்றர் தண்ணீரில் 100 கிராம் ஒக்சாலிக் அமிலம் கரைத்து, கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொண்டு, ஈரப்பலகையில் தெளியுங்கள். பத்துப் பதினைந்து நிமிடத்தில் துருக்கறையும் கறுப்பும் போய் மரம் புதிது போல வெளிக்கும். திரும்ப நிறையத் தண்ணீரால் அலசுங்கள். இது நஞ்சு, பிள்ளைகளும் நாயும் அந்தப் பக்கம் வரக்கூடாது. இரண்டு கரைசலையும் ஒரே வாளியில் கலக்கவே கூடாது.

பிறஷர் வொஷர் எடுப்பதென்றால் தண்ணீர் அழுத்தம் 1200 பீஎஸ்ஐக்கு மேல் போகாமல், விசிறி போல விரியும் 40 பாகைக் கோண முனையோடு, ஓர் அடி தள்ளிப் பிடியுங்கள். கிட்டப் பிடித்து ஒரு கோடு கீறினால் அந்தக் கோடு டெக் இருக்கும்வரை இருக்கும்.

காய்ந்த பின் நார் கிளம்பியிருந்தால் 60 அல்லது 80 இலக்கச் சாண்ட்பேப்பரால் தேயுங்கள். அதைவிட மென்மையான தாளை எடுத்தால் மேசை போல வழுவழுப்பாகும், ஸ்ரெயின் உள்ளே இறங்காது.

பூசுதல்

பேணியில் எழுதியிருக்கும் பரப்பளவு வழுவழுப்பான மரத்துக்கானது. காய்ந்த பழைய பலகையில் 3.78 லீற்றர் பேணி ஒன்று 150 முதல் 200 சதுர அடிதான் காணும். 12க்கு 16 அடி டெக்கின் தளம் 192 சதுர அடி. கைப்பிடி வேலிக்கும் படிக்கும் இன்னொரு பாதி சேருங்கள். இரண்டு பேணி வாங்கி, இரண்டையும் ஒரே வாளியில் ஊற்றிக் கலக்குங்கள். பேணிக்குப் பேணி நிறம் சற்று வேறுபடும். நிறத்தூள் அடியில் தங்குவதால் இடையிடையே கிளறிக்கொண்டே இருங்கள்.

டெக்கில் நிழல் விழும் நேரம் பார்த்துத் தொடங்குங்கள். வெயிலில் சுடும் பலகையில் ஸ்ரெயின் உள்ளே இறங்குமுன் மேலேயே காய்ந்துவிடும். வேலி முதலில், தளம் அடுத்து, படி கடைசி. தளத்தில் இரண்டு அல்லது மூன்று பலகையை மட்டும் எடுத்து ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை முடித்துவிட்டே அடுத்ததுக்குப் போக வேண்டும். பாதியில் நிறுத்தினால், காய்ந்த விளிம்பில் மறுபடி பூசும் இடம் கடுங்கோடாகத் தெரியும். றோலரால் பரப்பினாலும் பின்னாலேயே அகலமான பிறஷால் தேய்த்து உள்ளே இறக்குங்கள். வெட்டுமுனைகள் வேறெந்த இடத்தையும் விட அதிகமாகக் குடிக்கும். அவற்றுக்கு இரண்டு தரம் கொடுங்கள்.

பதினைந்து இருபது நிமிடத்தின் பின் திரும்பிப் பாருங்கள். எங்காவது பளபளத்துக்கொண்டு நின்றால் அது மரம் வேண்டாமென்று விட்ட ஸ்ரெயின். துணியால் துடைத்தெடுங்கள். நன்றாகப் பிடிக்கட்டும் என்று தடிப்பாகப் பூசுவதுதான் நாம் காணும் தவறுகளில் முதலிடம். அந்த மிச்சம் கிழமைக்கணக்கில் ஒட்டும், கதிரைக்கால் பதியும், கடைசியில் உரியவும் செய்யும். இரண்டாம் பூச்சை, பேணி சொன்னால் மட்டும், மரம் குடித்தால் மட்டும் கொடுங்கள்.

எண்ணெய் ஸ்ரெயின் துடைத்த துணிகளைச் சுருட்டிக் குப்பையில் போடாதீர்கள். எண்ணெய் காயும்போது சூடு பிறக்கும். சுருட்டிய துணிக்குள் அந்தச் சூடு சேர்ந்து தானாகவே தீப்பிடிக்கும். தண்ணீரில் தோய்த்து மூடியுள்ள தகரப் பேணியில் இடுங்கள், அல்லது வெளியே தனித்தனியாக விரித்துக் காயவிடுங்கள்.

ஒரு நாள் நடக்க வேண்டாம். கதிரை மேசை வைக்க மூன்று நாள் பொறுங்கள். பூச்சாடிகளைச் சிறு கால்கள் மேல் உயர்த்தி வையுங்கள். இறப்பர் அடிப்பாகமுள்ள கார்ப்பெற்றை வின்ரருக்கு முன் எடுத்துவிடுங்கள். அதன் கீழ் ஈரம் காய்வதேயில்லை.

பனி அள்ள பிளாஸ்ரிக் சவள் மட்டும், பலகையின் நீளவாக்கில். கடைசி ஓரங்குலத்தைச் சுரண்டாமல் விடுங்கள். ஒட்டிய பனிக்கட்டியைக் கொத்தக் கூடாது. உப்பு ஆணியை அரிக்கும், மரத்தில் ஈரத்தையும் பிடித்து வைக்கும். வழுக்கும் படிக்கு மணல் போதும்.

ஒவ்வொரு மே மாதமும் கழுவி, தண்ணீர் தெளித்துப் பாருங்கள். மணியாக நிற்காமல் உடனே ஊறினால் அந்தச் செப்ரெம்பரில் ஒரு மெல்லிய பூச்சு வேண்டும். தளத்துக்கு இது பொதுவாக இரண்டு அல்லது மூன்று வருடத்துக்கொருமுறை வரும். வெயில் நேராக விழாத வேலி அதைவிட நீண்ட காலம் தாங்கும். நரைக்கும்வரை விட்டால் முதலிலிருந்து எல்லாம் செய்ய வேண்டிவரும். மிஞ்சிய ஸ்ரெயின் பேணியில் நிறத்தின் பெயரையும் திகதியையும் எழுதி பேஸ்மென்றில் வெப்பமூட்டும் அடுப்புக்குத் தூரமாக வையுங்கள். தண்ணீரில் கரையும் வகையாக இருந்தால் கராஜில் ஒரே வின்ரரில் உறைந்து திரிந்துபோகும்.