சீலிங் ஃபேன் மெதுவாகச் சுற்றுகிறதா? முதலில் கண்டென்சரை மாற்றிப் பாருங்கள்

ரெகுலேட்டரை 5-இல் வைத்தும் ஃபேன் சோம்பலாகச் சுற்றினால், புது ஃபேன் வாங்க ஓடாதீர்கள், மேல் கிண்ணத்துக்குள் இருக்கும் கண்டென்சரை (கெபாசிட்டர்) மட்டும் மாற்றிப் பாருங்கள். மோட்டாரில் இரண்டு காயில்கள். ஒன்றுக்கு மின்சாரம் நேராகவும் இன்னொன்றுக்குக் கண்டென்சர் வழியாகச் சற்று நேரம் முன்பின்னாகவும் போவதால்தான் ஃபேன் சுழல்கிறது. சென்னை வெயிலில் வருடக்கணக்காக ஓடி ஓடி அந்தக் கண்டென்சர் பலவீனமாகிவிடும், ஆனால் மோட்டார் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும், அதைத் தூக்கிப் போடுவது எனக்கு உண்மையிலேயே மனசு கேட்காது.

பழையதன் மேல் பெரும்பாலும் 2.5 மைக்ரோஃபேரட் என்று அச்சாகியிருக்கும், அதே அளவு கேளுங்கள். எலெக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி தெரு வரை போக வேண்டாம், தெருமுனை எலெக்ட்ரிக்கல் கடையிலேயே கிடைக்கும். இரண்டு ஒயர்தான், பிளஸ் மைனஸ் கிடையாது. ஆனால் மெயினை அணைக்காமல் கை வைக்கவே வைக்காதீர்கள், பழக்கமில்லை என்றால் எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

மெயினை அணைத்துவிட்டுக் கையால் சுற்றும்போது இறுக்கமாக இருந்தால் பேரிங் கோளாறு, கருகல் வாடை வந்தால் காயில் போயிருக்கும். அப்புறம், ரிமோட்டோடு வரும் பிஎல்டிசி (பிரஷ் இல்லாத டிசி மோட்டார்) ஃபேன்களுக்கு இது பொருந்தாது.