மரத்தோட தூரைப் பாருங்க: கொல்லை மாமரத்துலேருந்து கோயில் தலவிருட்சம் வரைக்கும்

இது தோட்டக்கலை படிச்சவங்களுக்கு எழுதுறது இல்ல. டெல்டா பக்கம் வீடு, கொல்லையில ஒரு மாமரம், ரெண்டு தென்னை, வேலியோரமா ஒரு பூவரசு, தெருமுனையில ஒரு பழைய வேம்பு, இதையெல்லாம் எப்படிப் பார்த்துக்கணும்னு தெரியலங்கிறவங்களுக்குத்தான். நம்ம ஆளுங்க மரம்னாலே மேல பார்ப்பாங்க, இலை பழுக்குதா, காய் புடிக்குதா, பூச்சி இருக்கான்னு. ஆனா நம்ம ஊர்ல மரம் சாகுறதுல பாதி கதை தூர்லதான், அதாவது அடிமரம் மண்ணைத் தொடுற இடத்துலதான் நடக்குது. அதனால அங்கேருந்தே ஆரம்பிப்போம்.

1. தூரைத் தேடிக் கண்டுபிடிங்க

நல்லா இருக்கிற மாமரமோ வேம்போ, மண்ணைத் தொடுற இடத்துல அடிமரம் கொஞ்சம் விரிஞ்சு, வேர் நாலா பக்கமும் பிரிஞ்சு போறது கண்ணுக்குத் தெரியணும். அப்படி விரியாம கரண்டு கம்பம் நட்ட மாதிரி நேரா மண்ணுக்குள்ள போச்சுன்னா தூர் புதைஞ்சு கிடக்குன்னு அர்த்தம். களைக்கொட்டு எடுத்து, பட்டையில படாம மெதுவா மண்ணைத் தள்ளிப் பாருங்க, வேர் பிரியிற இடம் தெரியுற வரைக்கும். மண்வெட்டி வேண்டாம், ஒரு வெட்டு தப்புனா பட்டை போயிடும்.

தென்னைக்கும் பனைக்கும் இந்தக் கணக்கு வேற. தென்னைக்கு ஆணிவேர் கிடையாது, அடித்தண்டுலேருந்தே கொத்துக் கொத்தா வேர் விடும், அது வெளிய தெரிஞ்சா மண் அணைக்கலாம், ஒண்ணும் ஆகாது.

2. மனைக்கு மண் அடிக்கிறதுக்கு முன்னாடி

இதுதான் முக்கியமான விஷயம், கொஞ்சம் பொறுமையா படிங்க. ரோடு ஒவ்வொரு தடவை போடும்போதும் ஒசந்துகிட்டே போவுது, ஐப்பசி கார்த்திகையில தண்ணி வாசல்ல வந்து நிக்குது, அதனால வீடு கட்டுறவங்க எல்லாரும் லாரி லாரியா சவுடு அடிச்சு மனையை 3 அடி 4 அடி ஒசத்துறாங்க. அதுல தப்பே இல்ல. ஆனா இருக்கிற மரத்தைச் சுத்தியும் அப்படியே மண்ணைக் கொட்டிடுறாங்க. தண்ணியும் சத்தும் உறிஞ்சுற பொடிவேர்ல பெரும்பகுதி மேல்மண்ணுல ஒண்ணு ஒண்ணரை அடிக்குள்ளதான் இருக்கும், அந்த வேருக்கும் காத்து வேணும். மேல 3 அடி மண்ணு உக்காந்தா காத்துப் போவாது, அடிமரத்துப் பட்டை எப்பவும் ஈரத்துலேயே இருந்து அழுக ஆரம்பிச்சிடும். இதுல என்ன கொடுமைன்னா மரம் உடனே சாவாது. ஒரு வருஷம் நல்லாத்தான் இருக்கும், அப்புறம் உச்சிக்கிளை காயும், ரெண்டு மூணு வருஷத்துல மொத்தமா பட்டுப்போவும், அப்ப யாருக்கும் லாரி மண்ணு ஞாபகத்துக்கு வராது, கண்ணு பட்டுடுச்சும்பாங்க.

செய்ய வேண்டியது: மண் அடிக்கிறதுக்கு முன்னாடியே மரத்தைச் சுத்தி குறைஞ்சது 3 அடி தள்ளி, முடிஞ்சா இன்னும் அதிகமா, வட்டமா செங்கல்லை சாந்து பூசாம அடுக்கிடுங்க. உள்ள பழைய தரைமட்டம் அப்படியே இருக்கட்டும். மழைத்தண்ணி அதுக்குள்ள குளமா நிக்காம இருக்க, அடியில ஒரு பிவிசி பைப்பைச் சரிவா வச்சு தாழ்வான பக்கம் வெளிய விட்டுடுங்க. வட்டத்துக்கு வெளிய புதைஞ்ச வேர் கொஞ்சம் அடிபடத்தான் செய்யும், ஆனா மரம் பொழைக்க ஒரு வழி இருக்கும். வேர் கிளையோட நிழலையும் தாண்டி ரொம்ப தூரம் போயிருக்கும், அதனால ஜேசிபி ஓட்டுறவர்கிட்ட மரத்தடியில வண்டியை ஏத்தி எறக்க வேண்டாம்னு முன்னாடியே சொல்லி வைங்க.

3. கோயில் மரம், குளக்கரை மரம்

திருவிடைமருதூர்ல மருதமரம், வைத்தீஸ்வரன்கோயில்ல வேம்பு, திருப்புகலூர்ல புன்னைன்னு நம்ம பக்கம் கோயிலுக்கு ஒரு தலவிருட்சம் உண்டு. பெரிய கோயிலை விடுங்க, உங்க தெரு பிள்ளையார் கோயில் அரசமரத்தைப் போய்ப் பாருங்க. திருப்பணின்னு சொல்லி மரத்தோட அடியை நெருக்கி மேடை கட்டி, அதுக்கு மேல டைல்ஸ் ஒட்டி, எண்ணெய் விளக்கை வேர்மேலயே ஏத்தி வச்சிருப்பாங்க. பக்தி இருக்கு, மரத்துக்கு மூச்சு விட இடம் இல்ல.

நீங்களா கடப்பாரையைத் தூக்கிட்டுப் போய் உடைக்காதீங்க, ஊர்ல சண்டை வரும். அறநிலையத்துறை கோயில்னா செயல் அலுவலர்கிட்ட, ஊர்க்கோயில்னா நாட்டாமைக்காரங்ககிட்ட, திருப்பணி பேச்சு எடுக்கும்போதே சொல்லிடணும்: அடிமரத்துலேருந்து 3, 4 அடி மண்ணாவே விடுங்க, நடக்க வேணும்னா சாந்து இல்லாம கல்லு பாவுங்க, விளக்குக்குத் தனியா மாடம் கட்டுங்க. ஆலமரம்னா விழுதை வெட்ட விடாதீங்க. சென்னை அடையாறு ஆலமரத்தோட தாய்மரம் 1989ல புயல்காத்துல சாஞ்சுது, ஆனா விழுதுங்க ஊனி நின்னதால அந்த மரம் இன்னிக்கும் இருக்கு. தொங்குற விழுது தரைக்கு வர்ற வரைக்கும், மூங்கிலைப் பிளந்து உள்ள மண்ணு நெரப்பி அதுக்குள்ள விட்டுக் கட்டிவிட்டா சீக்கிரம் ஊனிக்கும்.

விளம்பர போர்டுக்கு அடிச்ச ஆணி, கொடிக்கம்பி எல்லாத்தையும் கழட்டிடுங்க. மரம் பருக்க பருக்க கம்பி உள்ள போய்ப் பட்டையை நெரிக்கும். ரொம்ப உள்ள போயிருந்தா தோண்டி எடுக்காதீங்க, வெளிய இருக்கறதை மட்டும் வெட்டி விடுங்க.

4. புதுசா நடுறது

களிமண்ணுல குழி வெட்டுனா கடப்பாரை பட்ட பக்கமெல்லாம் வழவழன்னு மெழுகுன மாதிரி ஆயிடும், தண்ணி எறங்காது. குழிச்சுவத்தை நல்லா கீறி விடுங்க. 2 அடிக்கு 2 அடி போதும் சாதாரண மரத்துக்கு, தென்னைக்கும் மாமரத்துக்கும் 3 அடி. மக்குன தொழுவுரம், கொஞ்சம் மணல், வெட்டுன மேல்மண் கலந்து மூடுங்க.

நர்சரி பையைக் கிழிச்சதும் வேரைப் பாருங்க, பைக்குள்ள சுத்திச் சுத்தி ஓடியிருந்தா கையால பிரிச்சு விடுங்க, முடியலன்னா பிளேடால நாலு பக்கமும் மேலேருந்து கீழ கீறுங்க, பரவால்ல. அப்படியே நட்டா பத்து வருஷம் கழிச்சு அதே வேர் தூரைச் சுத்தி இறுக்கும். பையில இருந்த மண்மட்டம் தரைமட்டத்துக்கு மேலதான் இருக்கணும், தண்ணி நிக்கிற கொல்லைன்னா ஒரு அடி மேடு போட்டு அதுல நடுங்க. ஒட்டு மாங்கன்னுன்னா ஒட்டுக் கட்டுன இடம் மண்ணுக்கு மேல.

பூவரசு வேணும்னா நர்சரிக்கே போவ வேண்டாம். ஆடி ஆவணியில நல்ல போத்தா, அதாவது தடிச்ச கிளையா ஒண்ணு வெட்டி வாய்க்காக்கரையில ஊனிவிட்டா துளிர்த்துடும். முட்டுக்கொடுக்குற கம்புல கன்னை லூசா கட்டுங்க, பழைய துணியோ சணலோ, நைலான் வேண்டாம், ஒரு வருஷத்துல அவுத்துடுங்க. ஆடு மேயாம இருக்க கன்னைச் சுத்திக் கருவமுள்ளு, வேற என்ன.

5. தண்ணி, மூடாக்கு

தண்ணியைத் தூர்ல ஊத்தாதீங்க, கிளை நிழல் விழுற ஓரத்துல வட்டப்பாத்தி போட்டு அதுல விடுங்க. வைக்கோல், சருகு எது இருந்தாலும் நாலு விரக்கடை உயரத்துக்குப் பரப்பலாம், அடிமரத்தை ஒட்டாம ஒரு சாண் விட்டுடணும். கூட்டுன சருகை மரத்தடியிலேயே குமிச்சு கொளுத்துற பழக்கத்தை மட்டும் விட்டுடுங்க, அந்தச் சூட்டுல ஒரு பக்கப் பட்டை வெந்துடும்.

6. தென்னை வச்சிருக்கவங்களுக்கு

தென்னைக்குப் புதுப்பட்டை வளராது, அதனால பட்ட காயம் ஆறவே ஆறாது. ஏறுறதுக்குப் படி வெட்டுறதை நிறுத்துங்க. குருத்தைத் துளைக்கிற காண்டாமிருக வண்டுக்கு, உச்சியில 3 மட்டை இடுக்குல ஒவ்வொண்ணா அந்துருண்டை வச்சு மேல மணலைப் போடுங்க, 45 நாளைக்கு ஒருக்கா.

தூர்லேருந்து செம்பழுப்பா சாறு வடியுதா, அடிமட்டையெல்லாம் மஞ்சளாகித் தொங்குதா, மழைக்காலத்துல அடியில காளான் பூக்குதா? அது தஞ்சாவூர் வாடல் நோய். நம்ம ஊர் பேரையே வாங்கிட்டுப் போன நோய், என்ன பெருமையோ. மண்ணு வழியாவும் தண்ணி வழியாவும் பரவும், அதனால ஒரு மரத்துப் பாத்தித் தண்ணி அடுத்த மரத்துக்குப் போவக் கூடாது, தனித்தனிப் பாத்தி. வருஷத்துக்கு ஒரு மரத்துக்கு 5 கிலோ வேப்பம்புண்ணாக்கு, ஊடால வாழை. செத்த மரத்தைத் தூரோட தோண்டி எடுத்துடணும். சந்தேகம்னா பட்டுக்கோட்டை பக்கம் வேப்பங்குளத்துல வேளாண் பல்கலைக்கழகத்தோட தென்னை ஆராய்ச்சி நிலையம் இருக்கு, போய்க் கேளுங்க.

7. மழைக்கு முன்னாடி கவாத்து

2018 நவம்பர் 16 விடிகாலையில கஜா புயல் அடிச்சதுக்கப்புறம் ஐப்பசி வந்தாலே எல்லாரும் பயத்துல மரத்தை மொட்டை அடிக்கிறாங்க. அது வேண்டாம். மொட்டை அடிச்ச இடத்துல கொத்தா வர்ற கிளைக்குப் பிடிமானம் கிடையாது, அடுத்த காத்துல அதுதான் மொதல்ல ஒடிஞ்சு ஓட்டு மேல விழும். காஞ்சது, ஒண்ணோட ஒண்ணு உரசுறது, கூரை மேல சாஞ்சது, இதை மட்டும் எடுங்க.

பெரிய கிளைன்னா மூணு வெட்டு. அடிமரத்துலேருந்து ஒரு முழம் தள்ளி கீழ்ப்பக்கமா கால்வாசி அறுங்க. அதுலேருந்து இன்னும் கொஞ்சம் வெளிய தள்ளி மேலேருந்து அறுங்க, பாரம் விழுந்துடும், பட்டை உரியாது. கடைசியா மிச்ச கட்டையை, கிளை பிறக்குற இடத்துல வளையம் மாதிரி புடைச்சிருக்கும் பாருங்க, அந்தப் புடைப்பை விட்டுட்டு ஒட்டுனாப்புல அறுங்க. அந்த வளையம்தான் காயத்தை மூடும். அருவாவால கொத்தாதீங்க, ரம்பம்தான்.

பனைமரத்துல கை வைக்காதீங்க, வெட்டணும்னா கலெக்டர் அனுமதி வேணும், 2021லேருந்து. ரோட்டோர மரமும் நம்ம இஷ்டம் இல்ல.

8. சாஞ்சுட்டா

தென்னையில குருத்து முறிஞ்சிருந்தா விட்டுடுங்க, அதுக்கு வளர்ற இடம் அது ஒண்ணுதான். மத்த மரத்துல தொடை பருமன் வரைக்கும், ஒரு பக்க வேராவது மண்ணுல புடிச்சிருந்தா, நிமித்தலாம். வெளிய வந்த வேரை ஈரச்சாக்கு போட்டு மூடி வைங்க, கிழிஞ்ச வேரைச் சுத்தமா வெட்டுங்க, தழையைப் பாதி குறைங்க, குழியைக் கொஞ்சம் பெருசாக்கி நாலு பேரு சேர்ந்து கயிறு கட்டி மெதுவா தூக்குங்க, டிராக்டர்ல கட்டி இழுத்தா மிச்ச வேரும் அறுந்துடும். மூணு பக்கம் முட்டு. தூர் பழைய மட்டத்துலேயே இருக்கான்னு பார்த்துட்டு மண் மூடுங்க. புதுத்துளிர் நல்லா வந்து முத்துற வரைக்கும் யூரியா அது இதுன்னு எந்த உரமும் காட்டாதீங்க, தண்ணி மட்டும்.