காரை இறக்கும் முன் தெருவை அளந்து பாருங்கள்

குற்றால சீசன். என் ஃபோக்ஸ்வாகன் போலோ காரின் பின்சீட்டில் பெரியம்மா, அத்தை, அத்தை மகன். முன்னால் நானும் அப்பாவும். டிக்கியில் மாற்றுத் துணியும் ஒரு தூக்கு புளியோதரையும். தென்காசி ரோட்டைவிட்டு ஒரு ஊருக்குள் திரும்பியதும் வேகத்தடை. ஏறி இறங்கும்போது அடியில் ‘கர்ர்ர்’ என்று நீளமாக ஒரு சத்தம்.

“என்னல, எதையோ இழுத்துட்டு வார மாதிரி இருக்கு?” என்றாள் பெரியம்மா.

இழுத்துக்கொண்டு வந்தது எதுவும் இல்லை. என்ஜின் ஆயில் நிற்கும் அடித்தொட்டியான ஆயில் சம்ப்பில் ஒரு பள்ளம், சொட்டுச் சொட்டாகக் கசிவு. இரண்டு வாரம் முன்புதான் காரைத் தாழ்த்தும் லோயரிங் ஸ்பிரிங் மாட்டி, முன் பம்பருக்கு அடியில் லிப், பக்கத்தில் ஸ்கர்ட் என்று அலங்காரப் பட்டைகள் எல்லாம் வைத்திருந்தேன். மாட்டிய கடையில், “35 மில்லிதான், தெரியவே தெரியாது” என்றார்கள். தரைக்கும் காரின் அடிக்கும் நடுவே கம்பெனி சொல்லும் உயரம் 165 மி.மீ., அதில் 35 போனால் 130. கணக்கு சரிதான், நான் தனியாக ஓட்டும்வரை.

அந்தச் செலவுக்குப் பிறகு கற்றுக்கொண்டதைத்தான் எழுதுகிறேன். வண்டியை இறக்கவே கூடாது என்று சொல்ல வரவில்லை. என் வண்டி இன்றும் இறங்கித்தான் நிற்கிறது.

முதலில் வண்டியை அளக்க வேண்டும். பிரசுரத்தில் இருக்கும் ஒற்றை எண்ணை மறந்துவிடுங்கள். பல கம்பெனிகள் ஆள் ஏறாத காரை அளந்துதான் அதைப் போடுகின்றன. நமக்கு வேண்டியது ஆள் ஏறிய பிறகு மூன்று இடங்களின் உயரம்: மூக்கு, வயிறு, வால். மூக்கு என்றால் லிப்பின் அடி விளிம்பு. வயிறு என்றால் நான்கு சக்கரங்களுக்கு நடுவே எது தாழ்வாகத் தொங்குகிறதோ அது. ஆயில் சம்ப்பாக இருக்கலாம், சைலன்சர் குழாயின் கிளாம்பாகவும் இருக்கலாம். வால் என்றால் பின் பம்பருக்கு அடியில் இருக்கும் டிஃப்யூசர்.

தரை சமமாக இருக்க வேண்டும். பெட்ரோல் பங்க் தரை பார்க்கச் சமமாகத் தெரியும், ஆனால் தண்ணீர் ஓட வாட்டம் விட்டிருப்பார்கள். நான் சொந்தக்காரர் வீட்டு நெல் காயப்போடும் சிமென்ட் களத்தில் நிறுத்தினேன், கொத்தனாரிடம் ரசமட்டம் வாங்கி வைத்துப் பார்த்துவிட்டு. டேங்க் நிறைய பெட்ரோல், டயரில் சரியான காற்று, ஐந்து பேர் உள்ளே. காலியாக மூக்கு 11.5 செ.மீ., வயிறு 13, வால் 15. ஐந்து பேர் ஏறியதும் மூக்கு 11, வயிறு 10.8, வால் 11. பெரியம்மா கேட்ட சத்தத்துக்குக் காரணம் அந்த 10.8.

கூடவே இன்னும் இரண்டு நீளம் குறித்துக்கொள்ளுங்கள். முன் டயர் தரையைத் தொடும் இடத்திலிருந்து லிப் நுனிவரை எவ்வளவு (எனக்கு 68 செ.மீ.), முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவே எவ்வளவு (இதைத்தான் வீல்பேஸ் என்பார்கள், போலோவுக்கு ஏறத்தாழ 2.47 மீட்டர்).

அடுத்தது தெரு. இதற்கு நான் செய்த ஒரு சாமானை நண்பன் ‘பொய்க்கார்’ என்று கேலி செய்கிறான். வளையாத அலுமினியச் சட்டம் ஒன்று, 3.15 மீட்டர். பின் முனையில் ஒரு மரக்கட்டை, முன் முனையிலிருந்து 68 செ.மீ. தள்ளி இன்னொரு கட்டை. இரண்டும் 10.8 செ.மீ. உயரம். கட்டைகள்தான் சக்கரம். சட்டம்தான் காரின் அடி. இதை வேகத்தடைக்கு இந்தப் பக்கம் வைத்து, கட்டைகள் தரையை விட்டு எழும்பாமல் அந்தப் பக்கம்வரை மெல்ல நகர்த்த வேண்டும். சட்டம் மேட்டில் எங்கே தட்டுகிறதோ, அதே இடத்தில் காரும் தட்டும். முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் பாகம் தட்டினால் லிப், கட்டைகளுக்கு நடுவே தட்டினால் சம்ப். கணக்கே வேண்டாம்.

காலை ஐந்தரை மணிக்கு இதைத் தூக்கிக்கொண்டு தெருவில் குனிந்து நின்றபோது கோலம் போட வந்த எதிர்வீட்டு ஆச்சி, “ஏ தம்பி, புது ரோடு போடப் போறாவளா?” என்று கேட்டாள். இல்லை ஆச்சி என்றதும் அவள் முகம் வாடியதைப் பார்க்க வேண்டுமே.

ஒழுங்காகப் போட்ட வேகத்தடை எந்தக் காரையும் பெரிதாகத் தொந்தரவு செய்யாது. சாலைகளுக்கான தரவிதிகளை வகுக்கும் அமைப்பான இந்தியச் சாலைகள் காங்கிரஸ் சொல்லும் வட்ட மேடு 3.7 மீட்டர் அகலம், 10 செ.மீ. உயரம், 25 கி.மீ. வேகத்தில் கடப்பதற்கானது. 17 மீட்டர் ஆரமுள்ள வட்டத்தின் ஒரு துண்டு அது. கார் அதன் நடுவில் நிற்கும்போது சக்கரங்களும் மேட்டின்மேல்தான் இருக்கும். அதனால் இரண்டரை மீட்டர் வீல்பேஸ் உள்ள காரின் வயிற்றுக்கு அங்கே தேவைப்படுவது வெறும் 4.6 செ.மீ. என் லிப்புக்கு 6 செ.மீ. போதும். ஐந்து பேரோடு, இறக்கிய காரில், சத்தமில்லாமல் போகலாம்.

எங்கள் தெருவில் இருப்பது 16 செ.மீ. உயரம், ஒரு மீட்டர்கூட அகலம் கிடையாது. வரப்பு என்றுதான் சொல்ல வேண்டும். மேடு குறுகலாக இருந்தால் நான்கு சக்கரமும் கீழே இறங்கி நிற்க, வயிறு மட்டும் மேட்டுக்கு நேர் மேலே வந்துவிடும். முழு உயரமும் கணக்கில் சேரும். 165 மி.மீ. கார்கூட ஆள் ஏறினால் அங்கே தட்டும். இதே வம்புதான் பாளையங்கால்வாய், கோடகன் கால்வாய் மாதிரி வாய்க்கால்களைத் தாண்டும் பழைய கூனல் பாலங்களிலும், கிராமத்து ரயில்வே கேட்டுகளிலும். தினமும் போகிற வழியில் இப்படி எத்தனை என்று எண்ணிவிட்டு, அவற்றில் மோசமானதை வைத்து எவ்வளவு இறக்கலாம் என்று முடிவு செய்யுங்கள். நான் இதைத் தலைகீழாகச் செய்தேன்.

கடக்கும் விதத்துக்கு வருவோம். பலரும் மேட்டின்மேல் ஏறும்போதும் பிரேக்கை அழுத்தியபடியே போகிறார்கள். பிரேக் பிடித்தால் மூக்கு கீழே குத்தும். இருக்கிற 11 செ.மீ.யில் ஒன்றிரண்டு அங்கேயே போய்விடும். மேட்டுக்கு முன்பே வேகத்தைக் குறைத்து, டயர் ஏறும் நேரத்தில் பிரேக்கை விட்டுவிட வேண்டும். இறங்கும்போதும் அப்படியே. பையப் போங்கள், பின்னால் மினிபஸ் ஹாரன் அடித்தாலும் சரி.

குறுகலான மேடு என்றால் சாய்வாக ஏறுங்கள். முன் சக்கரங்களில் ஒன்று முதலில் ஏறி அந்தப் பக்க மூக்கைத் தூக்கிவிடும். அதைவிட முக்கியம், கார் நடுவில் இருக்கும்போது மூலைக்கு மூலையாக இரண்டு சக்கரம் மேட்டின் சரிவில் நின்று வயிற்றைத் தாங்கும். இதற்கு ரோட்டில் அகலம் வேண்டும், எதிரே ஆள் இருக்கக் கூடாது. கண்ணாடியைப் பார்க்காமல் சாய்க்காதீர்கள். நாம் வளைகிறோம் என்று நினைத்துப் பைக்காரர் இடுக்கில் நுழைந்துவிடுவார்.

எவ்வளவு நெருங்கித் தப்புகிறோம் என்று தெரிய ஒரு மலிவான வழி. தென்னை வாரியலிலிருந்து ஈர்க்குச்சிகளை உருவி, சம்ப்புக்குப் பக்கத்திலும் லிப்பின் அடியிலும் இரண்டு செ.மீ. கீழே நீட்டும்படி டேப் போட்டு ஒட்டுங்கள். சூடான சைலன்சர் பக்கம் வேண்டாம். ஒரு நாள் வழக்கமான வழியில் ஓட்டிவிட்டு வந்து பாருங்கள். ஒடிந்த குச்சி இருக்கும் இடத்தில் இரண்டு செ.மீ.கூட மிச்சமில்லை என்று அர்த்தம்.

சாமான் வாங்குவதைப் பற்றி. ஸ்பிரிங்கை அறுத்துத் தாழ்த்தித் தருகிறேன் என்று யார் சொன்னாலும் கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடுங்கள். அறுத்த முனை கிண்ணத்தில் சரியாக உட்காராது, சக்கரம் தொங்கும்போது நழுவும். வண்ணார்பேட்டையில் நான் போகும் பட்டறை அண்ணாச்சி, “தம்பி, பணம் இருந்தா காயிலோவர் போடும், இல்லைன்னா கம்பெனி ஸ்பிரிங்கோட ஓட்டும்” என்பார். காயிலோவர் என்றால் ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் சேர்ந்த செட், அதில் உயரத்தைத் திருகி மாற்றலாம். அந்தச் செலவுக்குப் பிறகு நானும் அதற்கே மாறி, 20 மி.மீ. இறக்கத்தில் நிறுத்தியிருக்கிறேன். இறக்கியதும் வீல் அலைன்மென்ட் பார்க்காவிட்டால் டயரின் உள்விளிம்பு தேய்ந்துபோகும். வெளியே நின்று பார்த்தால் தெரியாது.

டயரிலும் சில மில்லி கிடைக்கும். அதில் எழுதியிருக்கும் முதல் எண் மி.மீ.யில் அகலம், அடுத்தது அந்த அகலத்தில் பக்கச்சுவர் எத்தனை சதவீதம் என்பது. 185/60 டயரின் பக்கச்சுவர் 111 மி.மீ., 195/60 என்றால் 117. ஆறு மில்லி மொத்தக் காரும் உயரும், உள்ளே உரசாமல் இருந்தால். அழகுக்காக 195/55 போட்டால் நாலு மில்லி இறங்கும்.

லிப், ஸ்கர்ட் எல்லாம் சேர்ந்த பாடி கிட்டில் ஃபைபர் மலிவு, ஆனால் தட்டினால் விரிசல் விடும். பாலியூரித்தேன் வளைந்து கொடுத்து மீளும். லிப்புக்கு அதைத்தான் எடுப்பேன். உரசாத ஸ்கர்ட்டுக்கு ஃபைபர் போதும். போர்ஷே 911 போன்ற கார்களில் பட்டனை அழுத்தினால் முன்பக்கம் சுமார் 40 மி.மீ. உயரும் வசதி உண்டு. அதிலும் மூக்குக்குத்தான் முழு 40. நடு வயிற்றுக்கு ஏறக்குறைய பாதிதான் கிடைக்கும்.

வீட்டு வாசல் சரிவை மறந்துவிடாதீர்கள். 68 செ.மீ.க்கு 11 செ.மீ. என்றால், 35 மி.மீ. இறக்கத்தில் என் மூக்கு தாங்கியது ஏறத்தாழ ஆறுக்கு ஒன்று சரிவு. வாசல் ரோட்டைவிட ஓர் அடி உயரம் என்றால் சரிவு ஆறடிக்குச் சற்று மேலாவது நீளம் வேண்டும். பாதித் தெருவை அடைக்கும், அக்கம்பக்கம் சண்டைக்கு வரும். இரண்டு பலகையைப் போட்டு எடுத்துக்கொள்வதே நல்லது.

சட்டமும் இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவும், 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பும் தயாரிப்பாளர் குறித்த விவரங்களிலிருந்து வண்டி மாறக் கூடாது என்கின்றன. அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம்வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். கழற்றிய கம்பெனி ஸ்பிரிங்கைத் திரும்ப மாட்ட வேண்டிவரலாம், அதைப் பழைய இரும்புக்காரரிடம் போட்டுவிடாதீர்கள்.

இவ்வளவுக்கும் பிறகு அடி வாங்கினால் அப்படியே ஓட்டிக்கொண்டு வீட்டுக்கு வராதீர்கள். ஓரங்கட்டி, என்ஜினை நிறுத்தி, அடியில் ஒரு செய்தித்தாளை விரித்துப் பத்து நிமிடம் காத்திருங்கள். தெளிந்த நீர் சொட்டினால் அது ஏசி தண்ணீர். வழவழப்பாகக் கறுப்போ பழுப்போ விழுந்தால் என்ஜின் ஆயில்; டிப்ஸ்டிக்கை இழுத்து அளவு பாருங்கள். வண்டி ஓடும்போதே சிவப்பு ஆயில் விளக்கு எரிந்தால் அந்த இடத்திலேயே நிறுத்திவிட்டு மீட்பு வண்டியைக் கூப்பிட வேண்டியதுதான். அன்றைக்கு நாங்கள் அப்படித்தான் கூப்பிட்டோம். அது வருவதற்குள் பெரியம்மா ஒரு புளியமரத்தடியில் தூக்கைத் திறந்துவிட்டாள்.