நரம்பு நோய் வந்த வீட்டில் குடும்ப வரைபடம் போடுவது எப்படி

வீட்டில் ஒருவருக்கு மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் (எம்.எஸ்.) என்றோ மயஸ்தீனியா என்றோ சொல்லிவிட்டால், அடுத்த கேள்வி 'இது பரம்பரையா, பிள்ளைகளுக்கும் வருமா' என்பதுதான். உடம்பைக் காக்க வேண்டிய எதிர்ப்பு சக்தியே எம்.எஸ்.ஸில் மூளை, தண்டுவட நரம்பின் உறையையும், மயஸ்தீனியாவில் நரம்பு தசையோடு சேரும் இடத்தையும் தாக்கும் நோய்கள் இவை. மரபணு இதில் வாய்ப்பைக் கூட்டுகிறது, ஆனால் அது மட்டுமே நோயைக் கொண்டுவந்துவிடாது. எம்.எஸ். அதிகமுள்ள மேலை நாடுகளின் கணக்குப்படி, ஒரே கருவில் உருவான இரட்டையரில் ஒருவருக்கு இருந்தால் மற்றவருக்கு வருவது ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு, கூடப்பிறந்தவருக்கு 100க்கு 2, 3தான். 6ஆம் குரோமோசோமில் இருந்து எதிர்ப்பு சக்தியை வழிநடத்தும் எச்.எல்.ஏ. மரபணுக்களுக்குப் பங்கு பெரிது. அதோடு நம் மரபணுத் தொகுப்பில் சிறுசிறு பங்குள்ள இடங்கள் 200க்கு மேல். எப்ஸ்டீன் பார் வைரஸ், புகை, வைட்டமின் டி குறைவு போன்றவையும் இதோடு சேர வேண்டும்.

சரி, நீங்கள் செய்ய வேண்டியது, நரம்பு டாக்டரிடம் போகுமுன் ஒரு பெரிய தாளில் மூன்று தலைமுறையை வரைவது. ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம், நோய் உள்ளவரைக் கறுப்பாக்குங்கள், சொந்தத்தில் கட்டியிருந்தால் நடுவே இரட்டைக் கோடு.

நம் பக்கம் இதில் தடுக்கும் இடம் சுவீகாரம். பிள்ளை கூட்டிய வீடு செட்டிநாட்டில் நிறைய, ஆனால் கூட்டிக்கொண்ட வீட்டின் ரத்தம் அந்தப் பிள்ளைக்கு வராது என்பதால், கோடு பிறந்த வீட்டிலிருந்துதான் வரவேண்டும், வளர்த்த வீட்டுக்குப் புள்ளிக்கோடு போதும். அப்புறம் பெயர். ஐயா பெயரையே பேரனுக்கும், அந்தப் பேரனின் பங்காளிக்கும் வைத்திருப்போம், அதனால் ஒவ்வொரு பெயரோடும் பிறந்த வருஷத்தையும் ஊரையும் எழுதாவிட்டால் யாருடைய நோய் யாருடையது என்றே தெரியாமல் போய்விடும். பெயரும் ஊரும் சரிபார்க்கப் பழைய இசைகுடிமானத்தை (கல்யாணத்தில் எழுதும் ஒப்பந்த ஏட்டை) பாருங்கள். கட்டிக்கொடுத்த பெண்களையும் பினாங்கிலும் ஈப்போவிலும் தங்கிவிட்டவர்களையும் விடாதீர்கள்.

கேட்பதற்கு நல்ல இடம் முன்னோருக்குப் படைக்கும் படைப்பு வீடு, எல்லாரும் வளவில் உட்கார்ந்திருப்பார்கள். ஆனால் 'நரம்பு நோய் யாருக்காவது உண்டா' என்று கேட்டால் பதில் வராது. அப்பத்தாவிடமும் ஆயாவிடமும் (அம்மாவின் அம்மாவிடமும்) இப்படிக் கேளுங்கள்: "ஒரு கண்ணு திடீர்னு மங்கி, சில வாரத்துல தானே தெளிஞ்சது யாருக்காவது நடந்துச்சா? சாயங்காலமானா இமை தொங்கிப்போறது, பேச்சு குழறுறது யாருக்கு?" எல்லாவற்றையும் 'வாதம்' என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார்கள், அப்போது எந்த வயதில், திரும்பச் சரியானதா என்று விடாமல் கேட்க வேண்டும். தைராய்டு, வெண்புள்ளி, முடக்குவாதம், சின்ன வயதிலேயே இன்சுலினுக்குப் போன சர்க்கரை, இவற்றையும் எழுதுங்கள். ஒரே குடும்பத்தில் எதிர்ப்பு சக்திக் கோளாறு ஆளுக்கு ஒரு வடிவில் வருவது உண்டு.

இவ்வளவு மெனக்கெடுவதற்குப் பெரிய காரணம், இந்த நோய்களைப் போலவே தெரியும் நேரடி மரபணு நோய்கள் இருக்கின்றன என்பதுதான். பிறவி மயஸ்தீனியா பெரும்பாலும் தாய் தகப்பன் இருவரிடமிருந்தும் ஒரே மரபணுவில் பழுது வந்து சேரும்போது வருவது, ஆகவே அத்தை மகன், மாமன் மகள் கல்யாணத்தில் வாய்ப்பு அதிகம், அதற்கு ஸ்டீராய்டு வேலை செய்யாது. லீபர் கண் நரம்பு நோயில் இளம் வயதில் வலியில்லாமல் ஒரு கண்ணும் பிறகு மறு கண்ணும் மங்கும், அது தாய்வழி மட்டுமே இறங்கும். உங்கள் தாளில் இரட்டைக் கோட்டுக்குக் கீழே இரண்டு கறுப்புச் சதுரமோ வட்டமோ இருந்தாலோ, தாய்வழியிலேயே கண் போனவர்கள் இருந்தாலோ, டாக்டரின் யோசனையே வேறு பக்கம் திரும்பும்.

எச்.எல்.ஏ. டெஸ்ட்டுக்கு நீங்களாகப் பணம் கட்டாதீர்கள். நோய் வாய்ப்பைக் கூட்டும் அந்த மரபணு வகை உள்ள பெரும்பாலானோருக்கு நோய் வருவதே இல்லை. தங்கைக்கு வரன் பார்க்கும் நேரத்தில் இந்தத் தாளைக் காட்டி யாராவது பயமுறுத்தினால், முதல் பத்தியில் உள்ள கணக்கைச் சொல்லுங்கள்; சொந்தத்திலேயே கட்டுவதாக இருந்தால் மட்டும் மரபியல் டாக்டரிடம் முன்பே ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.