பறவைக் காய்ச்சல் உதவி எண்: போன் எடுப்பவர்களைப் பழக்குவது எப்படி?

2024 ஏப்ரலில் ஆலப்புழை மாவட்டம் எடத்துவா, செறுதனைப் பகுதிகளில் வாத்துகளுக்குப் பறவைக் காய்ச்சல் உறுதியானது. இப்படி ஒரு செய்தி வந்தால் கேரள எல்லையிலுள்ள வாளையாரில் வண்டிச் சக்கரங்களுக்கு மருந்து அடிக்கத் தொடங்குவார்கள். கோவை, நாமக்கல் பக்கம் போனும் அடிக்கத் தொடங்கும். அதை எடுக்க உட்காருபவர்கள் பெரும்பாலும் மருத்துவம் படிக்காத தற்காலிகப் பணியாளர்கள். அவர்களை இரண்டு நாளில் தயார் செய்யும் முறை இது. ஒரு குழுவுக்கு எட்டுப் பேர் போதும். அதற்கு மேல் சேர்த்தால் ஒத்திகை பார்க்க ஆளுக்கு நேரம் கிடைக்காது.

1. நோய்ப் பாடம்: ஒரே மணி நேரம்

கிருமி பறவையின் எச்சத்திலும் எச்சிலிலும் இருக்கிறது. வாத்து வாடாமல் இருந்துகொண்டே பரப்பும். மனிதருக்கு வருவது பெரும்பாலும் நோயுற்ற, செத்த பறவைகளைக் கையாளும்போதுதான். கறியின் உள்பகுதி வரை 70 டிகிரி செல்சியஸ் சூடு ஏறினால் கிருமி சாகும், ஃப்ரிட்ஜில் உறைய வைத்தால் சாகாது. சோப்பு அதன் கொழுப்பு உறையைக் கரைத்துவிடும். இவ்வளவு போதும். இன்னும் கற்றுக்கொடுத்தால் போனில் பாடம் நடத்தத் தொடங்கிவிடுவார்கள்.

2. மூன்று அட்டைகள்

மஞ்சள் அட்டை சாப்பாட்டுக்கு, சிவப்பு செத்த பறவைக்கு, நீலம் காய்ச்சலுக்கு. ஒவ்வொன்றிலும் மூன்று வாக்கியங்களுக்கு மேல் வேண்டாம். மஞ்சளில்: "நன்றாக வெந்த கறி சாப்பிடலாம். முட்டையின் கரு கெட்டியாகும் வரை வேக வையுங்கள், ஆஃபாயில் இப்போதைக்கு வேண்டாம். பச்சைக்கறி வெட்டிய கத்தியையும் கையையும் சோப்பு போட்டுக் கழுவுங்கள்."

3. பதிலுக்கு முன் கேள்வி

பயிற்சியில் பாதி நேரத்தை இதற்கே கொடுங்கள். ஓர் அழைப்பு இப்படி வரும்:

"ஏனுங்க, ஞாயித்துக்கிழமை கோழி அடிக்கலாமுங்களா?"

புதியவர் உடனே மஞ்சள் அட்டையைப் படித்துவிடுவார். பழகியவர், "கடையில வாங்குறதுங்களா, வீட்டுக் கோழிங்களா?" என்பார்.

"வீட்டுதுதானுங்க. நாலு செத்துப்போச்சு, மீதி சாகறதுக்குள்ள அடிச்சரலாம்னுதான்…"

இது சாப்பாட்டுக் கேள்வியே அல்ல. செத்துக்கொண்டிருக்கும் மந்தையில் கோழி அறுத்து, இறகு பறிப்பதுதான் ஆபத்து மிகுந்த வேலை. அதனால் எந்த அழைப்பானாலும் மூன்று கேள்விகள் முதலில்: எங்கிருந்து வந்த கோழி? பக்கத்தில் ஏதாவது செத்ததா? யாராவது தொட்டார்களா?

4. செத்த பறவை அழைப்பு

ஊர், ஒன்றியம், பறவை வகை எழுதிக்கொள்ள வேண்டும். பிறகு எண்ணிக்கை: நேற்று செத்தது எத்தனை, இன்று எத்தனை, மீதி எத்தனை. "நிறையச் செத்துப்போச்சு" என்று எழுதிய பதிவால் கால்நடை மருத்துவருக்குப் பயனில்லை. நேற்று 2, இன்று 15 என்றால் அவர் வண்டியை எடுத்துவிடுவார்.

"வெள்ளைக்கழிச்சல்தானே?" என்று, கோழிகளுக்கு வழக்கமாக வரும் ராணிக்கெட் நோயைச் சொல்லிக் கட்டாயம் கேட்பார்கள். கொண்டை நீலம் பூப்பதும் கழிச்சலும் திடீர்ச் சாவும் பல நோய்களில் வரும். போனில் எதையும் உறுதி செய்யக் கூடாது, மறுக்கவும் கூடாது. மாதிரி போபாலிலுள்ள விலங்கு நோய் ஆய்வகத்துக்குப் போய் முடிவு வர வேண்டும். அதுவரை சொல்ல வேண்டியது: தொடாதீர்கள், வாய்க்காலில் வீசாதீர்கள், மீதிக் கோழியை விற்காதீர்கள், குழந்தைகளையும் நாயையும் அண்ட விடாதீர்கள். பிறகு அழைப்பை கால்நடை உதவி எண்ணான 1962-க்கோ அருகிலுள்ள கால்நடை மருந்தகத்துக்கோ மாற்றிவிடுங்கள்.

பண்ணைக்காரர் தயங்குவது நட்டத்தை நினைத்து. நோய் உறுதியானால் 1 கிலோமீட்டர் சுற்றளவில் பறவைகளை அழிப்பார்கள் என்று அவருக்குத் தெரியும். அழிக்கப்படும் பறவை, முட்டை, தீவனத்துக்குத்தான் இழப்பீடு, ஏற்கெனவே செத்ததற்கு இல்லை. சீக்கிரம் சொன்னால் லாபம் அவருக்குத்தான் என்பதை எடுத்துச் சொல்லலாம். தொகை மட்டும் வாயில் வரக் கூடாது. மறுநாள் அது வாக்குறுதியாகிவிடும்.

5. காய்ச்சல் அழைப்பு

கடந்த 10 நாளில் செத்த பறவையைத் தொட்டாரா? காய்ச்சல், இருமல், மூச்சுத்திணறல், கண் சிவப்பு உண்டா? இரண்டுக்கும் ஆம் என்றால் அழைப்பைத் துண்டிக்காமலே மருத்துவ உதவி எண்ணான 104-க்கோ பணியிலிருக்கும் மருத்துவருக்கோ இணைக்க வேண்டும். வைரஸ் எதிர்ப்பு மாத்திரையை அறிகுறி தோன்றிய 48 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் நல்ல பலன். மாத்திரைப் பெயர் சொல்லாதீர்கள். நேராக மெடிக்கலில் போய் நிற்பார்கள்.

6. ஒத்திகை

இரண்டாம் நாள் முழுவதும். ஆளுக்குப் பத்து அழைப்பு, ஒவ்வொன்றும் நான்கு நிமிடம். முதுகு காட்டி உட்காருங்கள், முகம் தெரிந்தால் போன் பழக்கம் வராது. அழைப்பவராக நடிப்பவர் கோபப்படட்டும், அழட்டும், வாட்ஸ்அப் வதந்தியை வாசித்துக் காட்டட்டும்.

அதிகம் சறுக்குவது "பயப்படாதீங்க, ஒண்ணும் ஆகாது" என்பதில். "இந்தியாவுல யாராவது செத்திருக்காங்களா?" என்று கேட்டால் ஆம் என்றே சொல்ல வேண்டும், 2021-ல் அரியானாச் சிறுவன் ஒருவன் இறந்தான். சொல்லிவிட்டு, மனிதரிடமிருந்து மனிதருக்குத் தொடர்ச்சியாகப் பரவியதில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். மறைத்த செய்தியை அவர் கூகுளில் பார்த்துவிட்டால் அடுத்து நீங்கள் சொல்லும் எதையும் நம்ப மாட்டார்.

பதில் தெரியாத கேள்விக்கு ஒரே வழி: எண்ணை வாங்கி, எப்போது திரும்ப அழைப்பீர்கள் என்று நேரம் சொல்லி, அந்த நேரத்தில் அழைப்பது.

7. வேலை தொடங்கிய பின்

ஒவ்வொரு அட்டையின் மூலையிலும் தேதி இருக்கட்டும். கட்டுப்பாட்டுப் பகுதி மாறினால் பழைய அட்டையை மேசையிலிருந்து எடுத்துக் கிழித்துவிட்டே புதியதைக் கொடுங்கள். இரண்டும் கையில் இருந்தால் பழக்கப்பட்ட பழையதைத்தான் படிப்பார்கள்.