மீக்கடத்தி டிரான்ஸ்ஃபார்மர்: டிசி சோதனையை நம்பி ஏமாறாதீர்கள்

போன மாதம் இரண்டு ஆராய்ச்சி மாணவர்கள் தாங்கள் சுற்றிய முதல் மீக்கடத்திச் சுருளைக் காட்டினார்கள். மீக்கடத்தி என்றால் போதிய குளிரில் மின்தடை இல்லாமல் கடத்தும் பொருள். திரவ நைட்ரஜனில் முக்கி டிசி (ஒரே திசையில் ஓடும் மின்னோட்டம்) செலுத்திப் பார்த்திருக்கிறார்கள். எதிர்பார்த்த மின்னோட்டம் வரை மின்னழுத்தம் எழவே இல்லை. "அப்படியென்றால் இழப்பு பூஜ்யம்தானே சார்?" என்றார் ஒருவர். பல வருடங்களுக்கு முன் நானும் இதையேதான் சொன்னேன்.

டேப்பை (சுருள் சுற்றும் மீக்கடத்தி நாடாவை) மடக்கக் கூடாது, சால்டரிங் சூடு எல்லை மீறக் கூடாது, மூடிய அறையில் நைட்ரஜனைக் கொட்டக் கூடாது என்பதெல்லாம் முதல் நாளே சொல்லித் தருவார்கள். அவற்றை விட்டுவிடுகிறேன்.

டிசியில் தேறியது ஏசியிலும் தேறும் என்று நினைப்பது

இன்று கிடைக்கும் டேப் சுமார் 0.1 மி.மீ. தடிமன், 4 அல்லது 12 மி.மீ. அகலம். அதற்குள் மீக்கடத்தும் அடுக்கு ஒன்றிரண்டு மைக்ரோமீட்டர்தான். ஒரு சென்டிமீட்டருக்கு 1 மைக்ரோவோல்ட் எழும் மின்னோட்டத்தை எல்லையாக வைத்து டேப்பை மதிப்பிடுகிறோம். அந்த எண் டிசிக்கு உரியது. டிரான்ஸ்ஃபார்மரில் ஓடுவதோ ஏசி, அதாவது திசை மாறிக்கொண்டே இருக்கும் மின்னோட்டம். 50 ஹெர்ட்ஸில் காந்தப்புலம் வினாடிக்கு 100 முறை திசை மாறுகிறது. மீக்கடத்திக்குள் புகுந்த காந்தக் கோடுகள் அங்கங்கே பிடித்துக்கொள்கின்றன. ஒவ்வொரு முறையும் அவற்றைப் பிடுங்கி நகர்த்த ஆற்றல் செலவாகி, அது வெப்பமாகிறது.

புலம் டேப்பின் முகத்துக்கு இணையாகப் போனால் அந்த மெல்லிய தடிமனை மட்டுமே பார்க்கும், இழப்பு அற்பம். செங்குத்தாக விழுந்தால் முழு அகலத்தையும் பார்க்கும். வைண்டிங்கின் (முழுச் சுருளின்) நடுப்பகுதியில் கோடுகள் நேராக ஓடுகின்றன. இரு முனைகளிலும் வளைந்து டேப்பின் முகத்தில் குத்துகின்றன. மொத்த இழப்பில் பெரும்பங்கு அந்தக் கடைசிச் சில சுற்றுகளில்தான்.

இதைத்தான் நான் கோட்டை விட்டேன். நேராக நீட்டிய டேப்புக்கான சூத்திரத்தைப் போட்டு 10 வாட் என்று கணக்கு வைத்திருந்தேன். ஏசி கொடுத்ததும் நைட்ரஜன் மட்டம் கண்ணெதிரே இறங்கியது. கிரையோஸ்டாட்டின் (நைட்ரஜனை வைத்திருக்கும் குளிர்த்தொட்டியின்) வெற்றிடம் கெட்டுவிட்டது என்று முடிவு கட்டி, இரண்டு வாரம் கசிவு தேடினோம். கசிவே இல்லை. மின்னோட்டத்தை நிறுத்திவிட்டு ஒரு இரவு மட்டத்தைக் கவனித்திருந்தால் முதல் நாளே தெரிந்திருக்கும். ஏசி ஓடும்போது மட்டும் மணிக்கு இரண்டு லிட்டர் கூடுதலாகக் கொதித்தது. 45 வாட் வெப்பம் மணிக்கு ஒரு லிட்டரை ஆவியாக்கும். ஆக, 90 வாட். முனைச் சுருள்களைப் பிரித்தபோது டேப்பின் அடுக்குகள் உரிந்துவிட்டன. அத்தனை மீட்டரும் வீண். இன்றுவரை எனக்கு ஆறவில்லை.

90 வாட் என்ன பெரிய விஷயம் என்று கேட்காதீர்கள். திரவ நைட்ரஜனின் வெப்பநிலையான 77 கெல்வினில் ஒரு வாட்டை வெளியேற்ற இயற்பியல் விதிப்படியே குறைந்தது 3 வாட் வேண்டும். நிஜக் குளிர்விப்பான்கள் 15, 20 வாட் வரை கேட்கும். நம்மோடு போட்டி போடும் செம்பு டிரான்ஸ்ஃபார்மரோ பெரிய அளவுகளில் ஏற்கெனவே 99 சதவீதத்துக்கு மேல் திறன் தருகிறது. மிச்சமிருக்கும் அந்தச் சிறு இடைவெளிக்குள்தான் நாம் லாபம் காட்ட வேண்டும்.

எனவே முனைகளில் டேப்பின் முகத்தில் குத்தும் ஆரத்திசைப் புலத்தை முதலில் கணக்கிடுங்கள். காந்தக் கோடுகளை நேராக்க முனைகளில் காந்தப்பொருள் வளையம் வையுங்கள். முழு வைண்டிங்கையும் பூட்டுவதற்கு முன் முனைச் சுருளைத் தனியாக ஏசியில் ஓட்டி, கொதிப்பை அளந்துவிடுங்கள்.

டேப்களைச் சும்மா இணையாக அடுக்குவது

மின்னோட்டம் போதவில்லை என்று நான்கு டேப்களை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டால் நான்கும் சமமாகச் சுமக்காது. மின்தடை இல்லாத இடத்தில் பங்கீட்டைத் தீர்மானிப்பது இண்டக்டன்ஸ் (மின்னோட்ட மாற்றத்தை எதிர்க்கும் பண்பு). அது டேப் இருக்கும் இடத்தைப் பொறுத்தது. அதனால் இழைகள் இடம் மாறிக்கொண்டே போக வேண்டும். நியூசிலாந்தின் ராபின்சன் ஆய்வு மையத்தினர் தங்கள் 1 எம்விஏ, 11 கேவி / 415 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மரின் தாழ்மின்னழுத்தப் பக்கத்தில், இழைகளைப் பின்னிய ரோபெல் கேபிளைப் பயன்படுத்தியது அதனால்தான்.

கோரையும் (சுருளுக்கு நடுவிலுள்ள இரும்பையும்) நைட்ரஜனில் முக்குவது

வேண்டாம். இரும்பின் இழப்புக்கும் குளிர்விப்புக் கட்டணம் கட்ட வேண்டிவரும்.

உலோகக் கிரையோஸ்டாட்

கோரின் காலைச் சுற்றி வரும் உலோகத் தொட்டி ஒரு சுற்றுள்ள ஷார்ட் வைண்டிங், அதிலும் மின்னோட்டம் ஓடிச் சூடாகும். கண்ணாடியிழைத் தொட்டிதான் சரி.

எப்பாக்சி

சுருளை இறுக்க எப்பாக்சிப் பசை ஊற்றினால், அது குளிரில் சுருங்கி டேப்பின் அடுக்கைப் பிய்த்துவிடும். மெழுகு போதும்.

ஷார்ட் சர்க்யூட்டைக் கடைசியில் யோசிப்பது

கோளாறு வந்தால் மின்னோட்டம் எல்லையைத் தாண்டும், மீக்கடத்தும் தன்மை போய்விடும். அப்புறம் அத்தனை மின்னோட்டமும் டேப்பின் மேல் பூசிய மெல்லிய செம்பிலும் அடித்தகட்டிலும்தான் ஓடும். அப்போது எழும் மின்தடை கோளாறு மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும், அது நல்லதுதான். ஆனால் பிரேக்கர் திறக்கும் வரை டேப் எரியாமல் தாங்க வேண்டும். எவ்வளவு செம்பு வேண்டும் என்பதை டேப் ஆர்டர் கொடுக்கும் முன்பே முடிவு செய்யுங்கள். சுற்றி முடித்தபின் சேர்க்க வழியில்லை.