ஆண் மீன்கொத்தியா, பெண்ணா: யாருக்குச் செலவு அதிகம்? காவிரிக் கரையில் கணக்கெடுக்கும் முறை

ஒரு பறவை ஒரு நாளில் எவ்வளவு ஆற்றலைச் செலவழிக்கிறது என்பதைக் கூண்டில் அடைக்காமல் அளப்பதற்குக் கடற்பறவைகள் வசதியானவை. முட்டையிட்ட ஆல்பட்ராஸ் எவ்வளவு தூரம் போனாலும் அதே கூட்டுக்குத் திரும்பும் என்பதால் மறுபடி பிடித்துவிடலாம். டியூட்டீரியமும் (கனமான ஹைட்ரஜன்) ஆக்சிஜன்-18-உம் (கனமான ஆக்சிஜன்) கலந்த நீரை ஊசியில் ஏற்றி, அது உடலில் கலந்ததும் ஒரு முறையும் ஓரிரு நாள் கழித்து மறுமுறையும் கொஞ்சம் இரத்தம் எடுப்பார்கள். டியூட்டீரியம் நீராக மட்டுமே வெளியேறும். ஆக்சிஜன்-18 கார்பன் டை ஆக்சைடாகவும் வெளியேறும். இரண்டும் குறையும் வேகத்தில் உள்ள வித்தியாசத்திலிருந்து பறவை எரித்த ஆற்றல் தெரியும்.

சேலத்துக் கல்லூரி மாணவர் இதைச் செய்ய முடியாது. ஆய்வகம் இருந்தாலும், 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி தலைமை வன உயிரினக் காப்பாளரின் அனுமதி இல்லாமல் பறவையைத் தொடக்கூடாது. ஆனால் கண்ணும் கடிகாரமும் வைத்து ஒப்பீடு செய்யலாம். அதற்குக் கருப்பு வெள்ளை மீன்கொத்தி ஏற்றது. கடற்பறவை போலவே பாய்ந்து மீன் பிடிக்கும், ஆணும் பெண்ணும் எடையில் ஏறக்குறைய ஒன்று, தூரத்திலிருந்தே ஆணா பெண்ணா என்பதும் தெரியும். ஆணுக்கு மார்பில் இரண்டு கருப்புப் பட்டை, பெண்ணுக்கு ஒன்றே. அதுவும் பல சமயம் நடுவில் அறுந்திருக்கும்.

பூலாம்பட்டியில் காவிரி தேங்கி நிற்கும் பகுதி நல்ல இடம். ஆற்றின் கிழக்குக் கரையில் நிற்பதால் காலையில் வெயில் உங்கள் முதுகில் விழும், பறவையின் மார்பு பளிச்சென்று தெரியும். மாலை நாலு மணிக்கு மேல் வெயில் கண்ணில் அடிக்கும், பட்டையை எண்ண முடியாது. முதுகு காட்டி உட்கார்ந்த பறவைக்குக் கேள்விக்குறி போடுங்கள். ஊகித்து எழுதிய பால் மொத்தக் கணக்கையும் கெடுக்கும்.

8×42 பைனாகுலர், ஸ்டாப்வாட்ச், நோட்டு, இரண்டு பேர் போதும். ஒருவர் பறவையை விட்டுக் கண்ணை எடுக்காமல் சொல்ல, மற்றவர் எழுத வேண்டும். ஒரு பறவைக்கு 20 நிமிடம், 15 விநாடிக்கு ஒரு குறி, ஆக 80 குறிகள்: உட்காருதல், பறத்தல், வளைக்குள் (கரை மண்ணில் தோண்டிய கூட்டுக்குள்) இருத்தல். அந்தரத்தில் சிறகடித்து நிற்பதை மட்டும் இந்தக் குறியில் சேர்க்காதீர்கள். அது சில விநாடிதான் நீடிக்கும், 15 விநாடி இடைவெளியில் நழுவிவிடும். ஒவ்வொரு முறையும் ஸ்டாப்வாட்சை அழுத்தி விநாடிக் கணக்கில் எழுதுங்கள்.

காரணம், செலவெல்லாம் அங்கேதான். 80 கிராம் பறவைக்குச் சும்மா உயிரோடு இருக்கவே நாளைக்கு ஏறத்தாழ 50 கிலோஜூல் வேண்டும், அதாவது மணிக்கு 2.1. விழித்து உட்கார்ந்திருந்தால் அதைப்போல் 1.6 மடங்கு, நேராகப் பறந்தால் 10, அந்தரத்தில் நின்றால் 12 என்று வைத்துக்கொள்ளலாம். அப்படியானால் அந்தரத்தில் ஒரு நிமிடம் ஏழரை நிமிட உட்காருதலுக்குச் சமம். இந்த மடங்குகள் குத்துமதிப்பு. இருபாலுக்கும் ஒரே எண்ணைப் போடுவதால் ஒப்பீடு நிற்கும், ஆனால் ‘இந்தப் பறவையின் செலவு இத்தனை கிலோஜூல்’ என்று அடித்துச் சொல்ல முடியாது. காற்றையும் குறித்துக்கொள்ளுங்கள். எதிர்காற்று மிதமாக அடித்தால் அந்தர நிலை மலிவாகிவிடும். ஆணைக் காற்றுள்ள நாளிலும் பெண்ணைக் காற்றில்லாத நாளிலும் பார்த்தால் கிடைப்பது காற்றின் வித்தியாசமே.

பெரும்பாலானவர்கள் கோட்டை விடுவது இனப்பெருக்கக் கட்டத்தில். பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை எடுத்த எல்லாக் குறிப்பையும் ஒன்றாகக் கொட்டி ஆண்–பெண் சராசரி எடுத்தால் ஒன்றும் விளங்காது. முட்டையிடும் முன் பெண் கிளையில் சும்மா உட்கார்ந்திருக்கும், ஆண் மீன் கொண்டுவரும். அலகில் மீனின் தலை வெளிப்பக்கம் நீட்டிக்கொண்டிருந்தால் அது இணைக்கோ குஞ்சுக்கோ போகிற மீன். தான் விழுங்கப்போகும் மீன் என்றால் தலை உள்பக்கம் திரும்பிவிடும். நேரக் கணக்கில் அப்போது பெண் சிக்கனமாகத் தெரியும். உண்மையில் நாலைந்து முட்டைக்கான சரக்கு அதன் உடம்பில் உருவாகிக்கொண்டிருக்கிறது. அந்தச் செலவு ஸ்டாப்வாட்சில் விழாது. ஆகவே முட்டைக்கு முன், அடைகாப்பு, குஞ்சு வளர்ப்பு என மூன்று தனித்தாள் வையுங்கள். பெண் வாங்கித் தின்ற மீன்களை முதல் தாளில் எண்ணுங்கள். குஞ்சு வளர்ப்புத் தாளில்தான் ஆண் பெண் உழைப்பை நேருக்கு நேர் வைக்கலாம். கென்ய ஏரிகளில் இதே இனத்தை மேலே சொன்ன நீர்முறையில் அளந்து 1985-இல் வெளியான ஆய்வும் அந்தக் கட்டத்தைத்தான் எடுத்துக்கொண்டது. மீன் பிடிப்பது சிரமமான ஏரியில் பெற்றோர் உதவிப் பறவைகளைச் சேர்த்துக்கொள்வது அதில் தெரிந்தது. அந்த உதவியாளர்கள் ஆண்கள். ஒரே வளைக்கு இரண்டு ஆண்கள் வந்து போனால் இருவர் உழைப்பையும் ஒருவர் பேரில் எழுதிவிடாதீர்கள்.

இந்தப் பழக்கத்தோடு கடற்பறவை ஆய்வுகளைப் படிப்பவர்கள் எடையைக் கவனிக்க வேண்டும். வாண்டரிங் ஆல்பட்ராஸில் ஆண் சுமார் 20 சதவீதம் கனம், ஃப்ரிகேட் பறவையிலும் பூபியிலும் பெண்தான் பெரிது. ஆற்றல் செலவு எடையோடு நேராக ஏறாது, ஏறத்தாழ எடையின் 0.7 அடுக்காக ஏறும். 20 சதவீதம் கனமான பறவை மொத்தத்தில் 14 சதவீதம் அதிகம் செலவழிக்கும். அதையே கிராமுக்கு இவ்வளவு என்று வகுத்தால் 5 சதவீதம் சிக்கனம் போலத் தோன்றும். பால் வித்தியாசம் எதுவும் இல்லாமலே இரண்டு விடையும் வரும்.

குஞ்சுகள் வளையை விட்டு வெளியே வந்ததும் கணக்கை நிறுத்திவிடுங்கள். இளசுகள் ஆணானாலும் பெண்ணானாலும் தாயைப்போல ஒற்றைப் பட்டையோடுதான் இருக்கும். பட்டை கொஞ்சம் சாம்பல் நிறமாகவும் அலகு குட்டையாகவும் இருக்கும் என்றாலும், ஐம்பது மீட்டர் தள்ளி அதை யாரும் பிரித்துச் சொல்ல முடியாது.